மோட்டார் சைக்கிள் உயர்த்தி: உயரமா, உறுதியா?

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போருக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை தனி இன்பம் தருவது. கிழமை முழுவதும் சுமந்த வண்டியை முற்றத்தில் நிறுத்தி, சங்கிலிக்கு எண்ணெய் இடுவதும், சில்லைக் கழற்றிப் பிரேக்கைத் துடைப்பதும் பணத்தை மிச்சப்படுத்தும்; மனத்துக்கும் மகிழ்ச்சி தரும். ஆயின், நிலத்தினின்று உயர்த்திய வண்டியை எது தாங்கி நிற்கின்றது என்று நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நாமும் ஒருகாலத்தில் எண்ணிப் பார்க்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பின் சில்லைக் கழற்ற வேண்டி, எஞ்சினின் அடியில் இரண்டு சீமெந்துக் கற்களையும் ஒரு பலகையையும் அடுக்கி வண்டியை ஏற்றி நிறுத்தினோம். அச்சின் நட்டு இறுகிக் கிடந்தது. நீண்ட ஸ்பனரைப் பொருத்தி முழுப் பலத்தோடும் அழுத்தினோம். வண்டி மறுபக்கமாகச் சரிந்து வீழ்ந்தது. அவ்விடத்திலேதான் எமது ஐந்து வயது மகன் சிறிது நேரத்துக்கு முன்வரை குந்தியிருந்து நட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். “தம்பி, பால் ஆறுது, ஓடி வா” என்று குசினியிலிருந்து அவன் தாய் அழைத்த அழைப்பே அவனைக் காத்தது. வகுப்பறையில் புவியீர்ப்பு மையத்தைப் படம் வரைந்து கற்பிக்கும் நாம், வீட்டு முற்றத்தில் அதனை மறந்துபோனோம்.

அந்தப் பாடம் எளியது. வண்டியின் புவியீர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையும் கோடு, தாங்கும் அடித்தளத்தின் உள்ளே விழும்வரை வண்டி நிற்கும்; வெளியே விழுந்தால் சாயும். உயரம் கூடக்கூடச் சிறு சாய்வே அதனை வெளியே தள்ளிவிடும். ஆதலால், உயர்த்தி வாங்குவோர் முதலில் நோக்க வேண்டியது அது எவ்வளவு உயர்த்தும் என்பதன்று. அதன் கால்கள் எவ்வளவு அகன்று நிற்கின்றன என்பதே.

வண்டியோடு நடு ஸ்டாண்ட் வந்திருப்பின், சங்கிலி வேலைக்கும் பின் சில்லு வேலைக்கும் பெரும்பாலும் அதுவே போதும். அஃதில்லாத வண்டிக்கு, பின் சில்லுக் கவையைப் பிடித்துத் தூக்கும் பின்புற ஸ்டாண்ட் ஏற்றது. முன்புற ஸ்டாண்டைப் பயன்படுத்துமுன் பின்புறத்தை ஸ்டாண்டில் நிறுத்திவிடல் வேண்டும். முன் போர்க்கின் அடியைத் தாங்கும் ஸ்டாண்ட் சில்லைக் கழற்ற உதவும். போர்க்கையே கழற்றுவதாயின், ஹாண்டில் தண்டின் அடியைத் தாங்கும் வகையே வேண்டும்.

கத்தரிக்கோல் போல் விரியும் ஜக் வண்டியை நடுவில் தாங்குவது. இரு இரும்புக் குழாய்கள் எஞ்சினின் அடியில் ஓடும் வண்டிக்கு இது பொருந்தும். அவ்வாறு குழாய் இல்லாத வண்டியில் ஜக்கின் அழுத்தம் எஞ்சினின் மீதே விழும், அது கூடாது. சைலன்சரின் மீதும் சுமை விழலாகாது. மேசை போன்ற உயர்த்தி முன் சில்லைக் கவ்விப் பிடித்து முழு வண்டியையும் ஏந்தும். உறுதி மிக்கது, ஆயினும் விலையும் இடமும் அதிகம்.

1795ஆம் ஆண்டில் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற நீரழுத்தப் பொறியின் தத்துவத்திலேயே இன்றைய எண்ணெய் அழுத்த உயர்த்திகளும் இயங்குகின்றன. சிறு கைவிசை பெருஞ்சுமையைத் தூக்குவது வியப்பே. ஆயின், அடைப்பு வளையம் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் சுமை இறங்கிவிடும். எண்ணெய் தூக்கட்டும், தாங்குவது உருக்குப் பூட்டாக இருக்கட்டும். அத்தகைய பூட்டு இல்லாத உயர்த்தியை வாங்காதீர்கள்.

எடையையும் கவனிக்க வேண்டும். ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் ஏறத்தாழ 112 கிலோ. ரோயல் என்பீல்ட் கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோ. முழு வண்டியையும் தூக்கும் உயர்த்தி, வண்டியைப்போல் ஒன்றரை மடங்காவது தாங்குமெனக் குறிக்கப்பட்டிருத்தல் நன்று. கிளாசிக்குக்கு அது ஏறத்தாழ 300 கிலோவாகும்.

நல்ல உயர்த்தியும் மணல் முற்றத்தில் புதையும். சமமான சீமெந்துத் தரையே தக்கது. இறுகிய நட்டுகளை, சில்லுகள் நிலத்தில் இருக்கும்போதே தளர்த்திக்கொள்ளுங்கள். மேசை உயர்த்தியிலும் ஜக்கிலும் வண்டியை இருபுறமும் வார்ப்பட்டியால் கட்டுங்கள். உயர்த்திப் பூட்டியபின் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடுமாயின் இறக்கி மீண்டும் நிறுத்துங்கள். வேலை முடியும்வரை சிறுவர்கள் விறாந்தையிலேயே இருக்கட்டும்.

எமது மகன் இன்று வளர்ந்துவிட்டான். ஞாயிறுதோறும் உயர்த்தியைத் தள்ளிக்கொண்டு வருபவன் அவனே. வந்ததும் அவன் கேட்கும் முதற் கேள்வி: “அப்பா, நட்டைத் தளர்த்திப்போட்டீங்களோ?”