வாயில்லா ஜீவனுக்காக யார் பேசுவது?

குதிரை தாண்டும் போட்டியை டி.வி.யில் பார்த்தால் பிரமிப்பாகத்தான் இருக்கும். ஒலிம்பிக்ஸில் தடைகளின் உயரம் 1.60 மீட்டரையும் தொடும். நம்மில் பலருக்கு உச்சந்தலைக்கும் மேலே! சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை, முதுகில் ஓர் ஆளையும் சுமந்துகொண்டு அதைத் தாண்டி, முன்னங்கால்களில் வந்து இறங்குகிறது. கால் வலித்தால் அது யாரிடம் போய்ச் சொல்லும்?

கைக்குழந்தையை வளர்த்த நமக்கு இது நன்றாகவே புரியும். பால் வேண்டாமென்று குழந்தை முகத்தைத் திருப்பினால், பிடிவாதம் என்று அடித்துவிடுவோமா? காது வலியா, வாய்ப்புண்ணா, வயிற்று உப்புசமா என்றுதானே பார்ப்போம்? தடைக்கு முன்னால் நின்றுவிடும் குதிரையும் அப்படித்தான். சேணம் முதுகில் உறுத்தலாம். கடிவாளம் வாயைப் புண்ணாக்கியிருக்கலாம். குளம்பில் நோவு இருக்கலாம். ஏன், சவாரி செய்பவரே வேகத்தைத் தப்பாகக் கணித்து, தாண்ட முடியாத இடத்தில் கொண்டுவந்து விட்டிருக்கலாம்!

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நடந்ததைப் பாருங்களேன். வாள்வீச்சு, நீச்சல், குதிரை தாண்டுதல், ஓட்டம், துப்பாக்கி சுடுதல் எல்லாம் சேர்ந்த பென்டத்லான் போட்டி. அதில் சொந்தக் குதிரை கிடையாது. குலுக்கலில் வந்த குதிரையோடு பழக 20 நிமிஷம், அவ்வளவுதான். முதலிடத்தில் இருந்த ஜெர்மனியின் அன்னிகா ஷ்லாய்க்கு 'செயின்ட் பாய்' என்ற குதிரை கிடைத்தது. அன்று ஏற்கெனவே வேறொரு வீராங்கனையிடம் முரண்டு பிடித்த குதிரை அது. மிரண்டு நின்றது. அவர் அழுதுகொண்டே சவுக்கால் அடித்தார். பயிற்சியாளரோ கையால் குத்தினார். அதற்காகப் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பதக்கமும் போயிற்று. அந்தப் பெண்ணின் கண்ணீர் நம் மனசையும் கரைத்தது. ஆனால் அங்கே தவித்தது அவர் மட்டுமா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸோடு பென்டத்லானிலிருந்து குதிரைச் சவாரியையே எடுத்துவிட்டார்கள்.

குதிரை தாண்டுவதே தனிப் போட்டியாக நடக்கும்போது, குதிரையும் ஆளும் பழகியவர்கள்தான். அங்கேயும் தவறு நடக்காமல் இல்லை. 2008 ஒலிம்பிக்ஸின் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. நான்கு குதிரைகளின் உடம்பில் மிளகாயின் காரச்சத்து இருப்பது சோதனையில் தெரிந்தது. வலி தெரியாமலிருக்கவும் அதைப் பூசலாம். கால் தோலில் தடவி எரியவிட்டு, கம்பில் படாதபடி குதிரை காலைத் தூக்கவும் செய்யலாம். மிளகாய் அரைத்த கை எரிவது நமக்குத் தெரியாதா என்ன? நார்வே அணி வெண்கலப் பதக்கத்தையே இழந்தது. பூசியது யாராக இருந்தாலும், பதில் சொல்ல வேண்டிய பொறுப்பாளர் சவாரி செய்பவரே என்பது சர்வதேச விதி.

தடை தாண்டும் போட்டியில் குதிரை முதல் தடவை மறுத்தால் 4 தண்டப் புள்ளிகள். இரண்டாம் தடவை மறுத்தால் வெளியேற வேண்டியதுதான். மூன்றாம் தடவை கட்டாயப்படுத்த இடமில்லை. குதிரை களைத்திருந்தால் தாமாகவே விலகிக்கொள்ளவும் வழி உண்டு. அப்படி விலகுவது தோல்வியில்லை.

உங்கள் பெண்ணோ பிள்ளையோ சவாரி கற்க ஆசைப்பட்டால் தாராளமாக அனுப்புங்கள். தலைக்கவசம் அவசியம். அதோடு, ஏறுமுன் குளம்பையும் முதுகையும் தடவிப் பார்க்க அங்கே கற்றுத் தருகிறார்களா, இறங்கியபின் குதிரையை மெல்ல நடத்தி ஆற்றி, தண்ணீர் காட்டச் சொல்கிறார்களா என்றும் கேளுங்கள். கோப்பை அடுத்த வருஷமும் கிடைக்கும். குதிரையின் கால் போனால் திரும்பக் கிடைக்குமா?