ஆறு பிள்ளைகள் இருந்த வீட்டில் இன்னும் எட்டு

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கிரெஸ்வெல் என்றொரு சிற்றூர். அங்கே விவசாயம் செய்துவந்த ஹாரி ஹோல்ட், பெர்த்தா தம்பதியர் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர்கள். சொந்தப் பிள்ளைகளே ஆறு பேர். கொரியப் போரில் அநாதைகளான குழந்தைகளைப் பற்றிய படம் ஒன்றைப் பார்த்தவர்கள், 1955-இல் எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்தனர். இரண்டு பேருக்கு மேல் சட்டம் இடம் தராததால், அமெரிக்கக் காங்கிரஸ் இவர்களுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது!

மறு ஆண்டே மற்றவர்களுக்கும் குழந்தைகளைச் சேர்ப்பிக்க நிறுவனம் தொடங்கினார்கள். ஹாரி 1964-இல் கொரியாவிலேயே காலமானார். மகள் மாலி நர்ஸ். 2019-இல் மறையும்வரை பெரும்பாலும் கொரியாவில் ஊனமுற்ற குழந்தைகளோடுதான் வாழ்ந்தார். பெர்த்தா அம்மையாரோ 92 வயதில் 400 மீட்டர் ஓட்டம் ஓடியவர்!

அவர்களின் நல்லெண்ணத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால், கொரியாவிலிருந்து பல நிறுவனங்கள் வழியே சுமார் 2 லட்சம் குழந்தைகள் வெளிநாடுகளுக்குப் போயினர். பெற்றவர் உயிரோடிருந்தும் அநாதை என்று பதிவானவர்கள் அவர்களில் உண்டு என 2025 மார்ச்சில் கொரிய அரசின் விசாரணை ஆணையம் அறிவித்தது.

வெளியூரில் தமிழ் மறக்கும் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இது புரியும்: தேடிக் கண்டுபிடித்த தாயிடம் பேச, அந்தப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கிறது.