மூடிய ஆலையின் கார் மீண்டும் பிறந்த கதை!

குழந்தைகளே! கூரையில்லாத காரைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டே பேர்தான் உட்காரலாம். மழை வந்தால் துணிக் கூரையை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இத்தகைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பெயர் பெற்ற நாடு இங்கிலாந்து. அங்கே பிறந்த 'எம்.ஜி.பி.' என்ற காரைப் பழைய கார் சேகரிப்பவர்கள் கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கிறார்கள்.

இந்தக் காரைத் தயாரித்த ஆலை 1980-ல் மூடப்பட்டது. ஆனால், 1988-ல் அதே காரின் புத்தம் புதிய உடற்கூடு விற்பனைக்கு வந்தது! எப்படி?

பெயர் வந்த கதை

'எம்.ஜி.' என்பது 'மோரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். ஆக்ஸ்போர்டு நகரில் இருந்த இந்த கார் விற்பனை நிலையத்தின் மேலாளர் செசில் கிம்பர். 1920-களில் இவர் சாதாரண மோரிஸ் கார்களை அழகும் வேகமும் கொண்டவையாக மாற்றி விற்றார். மக்கள் விரும்பி வாங்கினர். 1929-ல் எம்.ஜி., அருகிலுள்ள ஆபிங்டன் என்ற சிற்றூருக்கு இடம் மாறியது. அங்கே முன்பு தோல் தொழிற்சாலையாக இருந்த கட்டடம், கார் ஆலையானது.

இன்று நம் சாலைகளில் ஓடும் எம்.ஜி. கார்களின் முன்புறம் எட்டு மூலை கொண்ட முத்திரை இருக்கிறதே, அது அந்தக் காலத்து முத்திரைதான்.

1962-ல் வெளிவந்தது எம்.ஜி.பி. அதன் என்ஜின் 1,798 சி.சி. கொள்ளளவு கொண்டது; நான்கு சிலிண்டர்கள். மணிக்கு 160 கிலோ மீட்டருக்கு மேல் பாயும். கூரை உள்ள வகையையும் சேர்த்து 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் தயாராயின. அவற்றில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா சென்றது.

அட்டைப் பெட்டி சோதனை

செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி வீட்டில் இருக்கிறதா? மூடியை எடுத்துவிட்டு, இரு முனைகளையும் பிடித்துத் திருகிப் பாருங்கள். எளிதாக முறுக்கிக்கொள்ளும். மூடியை ஒட்டிவிட்டுத் திருகுங்கள். அவ்வளவு எளிதில் அசையாது. காரின் கூரையும் இந்த மூடி போலத்தான். கூரை இல்லாத காருக்கு வேறு எங்காவது பலம் வேண்டும் அல்லவா?

எம்.ஜி.பி.யில் தனியான சேஸிஸ் கிடையாது. உடற்கூடே மொத்தப் பாரத்தையும் தாங்க வேண்டும். அதனால் இரு பக்கக் கதவுகளுக்கு அடியிலும் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டங்கள்தான் அதன் முதுகெலும்பு.

அந்தச் சட்டத்துக்குள் தண்ணீர் புகுந்தால் ஆபத்து. இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு பிடிக்கும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனிக்கட்டியை உருக்கச் சாலைகளில் உப்பு தூவுவார்கள். உப்பு பட்டால் துரு இன்னும் வேகமாகப் பரவும். சட்டம் அரித்துப்போனால் காரின் நடுப்பகுதி தொய்ந்துவிடும். கதவுகூடச் சரியாக மூடாது.

சிலர் அந்த ஓட்டையில் பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக்கி விற்றுவிடுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் பழைய கார் வாங்கப் போகும்போது சட்டைப் பையில் சிறு காந்தம் எடுத்துச் செல்வார்கள். இரும்பில் காந்தம் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. குட்டு வெளிப்பட்டுவிடும்!

பொன்விழாவும் பூட்டும்

1979 செப்டம்பரில் எம்.ஜி. ஆபிங்டனுக்கு வந்த ஐம்பதாம் ஆண்டு விழாவை ஊரே கொண்டாடியது. விழா முடிந்த உடனேயே இடி போல ஓர் அறிவிப்பு வந்தது: ஆலை மூடப்படும்! நிறுவனம் பெரும் நஷ்டத்தில் இருந்ததே காரணம். 1980 அக்டோபரில் கடைசி கார் வெளியேறியது. பல ஆண்டுகள் அங்கு உழைத்தவர்கள் வேலை இழந்தார்கள்.

ஓடிக்கொண்டிருந்த கார்களின் கதி? என்ஜினைப் பழுது பார்க்கலாம், டயரை மாற்றலாம். உடற்கூடே உளுத்துப்போனால் என்ன செய்வது?

கொழுக்கட்டை அச்சு

கொழுக்கட்டை அச்சைப் பார்த்திருக்கிறீர்களா? இரு பாதிகளுக்கு நடுவே மாவை வைத்து அழுத்தினால் அச்சின் வடிவம் வந்துவிடும். காரின் கதவும் பானெட்டும் அப்படித்தான் உருவாகின்றன. மாவுக்குப் பதில் இரும்புத் தகடு; கைக்குப் பதில் ராட்சத அழுத்து இயந்திரம்.

ஆலை மூடிய பிறகும் அந்த அச்சுகள் அழிந்துவிடவில்லை. 'பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ்' என்ற நிறுவனம் அவற்றைத் தேடிச் சேகரித்து, 1988-ல் எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டைத் தயாரிக்கத் தொடங்கியது. துருப்பிடித்த காரை வைத்திருந்தவர்கள் புதுக் கூட்டை வாங்கி, தங்கள் பழைய என்ஜின், சக்கரம், இருக்கைகளைக் கழற்றி அதில் பொருத்திக்கொண்டார்கள். குப்பைக்குப் போக இருந்த கார்கள் மறுபடி சாலைக்கு வந்தன. 1993-ல் எம்.ஜி.பி.யை அடிப்படையாகக் கொண்டு 'ஆர்.வி.8' என்ற புதிய காரே வெளிவந்தது!

பழைய இரும்பு என்று அந்த அச்சுகளை எடைக்குப் போட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

ஒரு கேள்வி. கூடு புதியது, என்ஜினும் சக்கரமும் பழையவை. அப்படியானால் அது பழைய காரா, புதிய காரா? நாளை வகுப்பில் நண்பர்களோடு விவாதித்துப் பாருங்கள்!