உருளும் முன்பே உருண்டையான பாறைகள்

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்குப் பழகிப்போன செய்தி ஒன்று வரும்: கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தில் பாறை விழுந்தது, நீலகிரி மலை ரயில் ரத்து. கூடவே ‘ராட்சதப் பாறை’யின் படமும் வரும். அதன் அளவைவிட வடிவம்தான் கவனிக்கத்தக்கது. பல சமயம் அது மூலை மழுங்கிய உருண்டை. சரிவில் உருண்டு வந்ததால் அப்படி ஆகியிருக்கும் என்று தோன்றும். ஆனால் கருங்கல்லை மழுக்க அந்தத் தூரம் போதாது. மலைக்குள் புதைந்து கிடந்தபோதே அது உருண்டையாகிவிட்டது.

நீலகிரியின் உடம்பு சார்னோக்கைட் பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். சென்னை பரங்கிமலையிலும் இதே கல்தான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறையால் ஆனது; அதனால் 1890-களில் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் சார்னாக்கின் பெயரையே இதற்கு வைத்தார்.

இந்தப் பாறையைக் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கின்றன. காற்றிலும் வேர் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக மாறிய மழைநீர் இந்த வெடிப்புகளில் இறங்குகிறது. பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிறது. இரும்பு துருவேறிச் சிவக்கிறது.

சதுர அச்சு வெல்லங்களை ஒரு பெட்டியில் நெருக்கி அடுக்கி, அடைமழைக் காலத்தில் மூடாமல் விட்டால் என்ன ஆகும்? ஈரம் இடுக்குகளில் நுழையும். அச்சின் முகத்தை அது ஒரு பக்கமிருந்து அரிக்கும். விளிம்பை இரண்டு பக்கமிருந்து. மூலையை மூன்று பக்கமிருந்து. மூலைதான் முதலில் போகும், சதுரம் உருண்டையாகும். மேல் வரிசை அதிகம் கரைந்து சிறுத்திருக்கும். அடி வரிசையில் அச்சு இன்னும் சதுரமாகவே இருக்கும். பெட்டி அசையாதவரை உருண்டைகள் கசிந்த பாகுக்குள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு பக்கப் பலகையைப் பிடுங்கினால் பாகு வழியும், உருண்டைகளும் கூடவே வரும்.

மலைக்குள் நடப்பதும் இதுதான். ஆனால் வெல்லம் முழுக்கக் கரைந்துவிடும், பாறை அப்படியல்ல. கரைந்த சிலிக்காவும் சுண்ணாம்புச் சத்தும் பவானி ஆற்றோடு போனாலும் குவார்ட்ஸ் மணலும் களிமண்ணும் அங்கேயே தங்குகின்றன. நீலகிரியில் சில இடங்களில் இந்த மக்கிய அடுக்கு பல மீட்டர் ஆழம் இறங்குகிறது. மலைச்சாலைக்காக வெட்டிய சரிவுகளில், செம்மண்ணுக்குள் உருண்டைக் கற்கள் பதிந்திருப்பதைப் பேருந்து ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். மலை தேய்வதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இடங்கள் குறைவு.

ஆகவே ‘ஒரே இரவு மழையில் கரைந்த மலை’ என்ற தலைப்புகளை நம்ப வேண்டியதில்லை. கரைத்த வேலை லட்சக்கணக்கான ஆண்டுகளாக நடந்தது. அந்த இரவின் மழை மண் துளைகளை நிரப்பியது. உள்ளே ஏறிய நீரழுத்தம் மண்ணின் பிடியைத் தளர்த்தியது. நீலகிரியில் 1978, மரப்பாலம் என்ற இடத்தில் மண்சரிவு நேர்ந்த 1993, நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த 2009 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நவம்பர் மழையில்தான் பெரும் மண்சரிவுகள் நிகழ்ந்தன. சாலைக்கும் கட்டடத்துக்கும் சரிவின் அடியை வெட்டுவது, பெட்டியின் பலகையைப் பிடுங்குவதுதான். அதனால் வரும் மண்சரிவை இயற்கைச் சீற்றம் என்று எழுதுவது வெட்டியவர்களைத் தப்பவிடுகிறது.

ஒரு நாள் மழையளவு மட்டும் ஆபத்தைச் சொல்லிவிடாது. முந்தைய நாட்களில் மண் எவ்வளவு குடித்திருக்கிறது என்பதும் முக்கியம். தொடர்மழையின் ஐந்தாம் நாளில் பெய்யும் நடுத்தர மழை, முதல் நாள் கனமழையைவிட மோசமாகலாம். சரிவின் மேலே புது வெடிப்பு, திடீரென்று சாய்ந்த மரம், அடிவாரத்தில் கலங்கலாகக் கசியும் ஊற்று: இவற்றில் எதைக் கண்டாலும் அங்கிருந்து விலகிவிட வேண்டும்.