பெயரின் பொருளைத் திருப்பும் வேற்றுமை



‘புலி கொன்ற யானை’. இந்தத் தொடரில் இறந்தது எது? ‘புலியைக் கொன்ற யானை’ என்று விரித்தால் இறந்தது புலி. ‘புலியால் கொல்லப்பட்ட யானை’ என்றால் இறந்தது யானை. முடிவைச் சொல்பவை ‘ஐ’, ‘ஆல்’ என்னும் சின்னஞ்சிறு உருபுகள்.

இப்படிப் பெயர்ச்சொல்லின் பொருளை வேறுபடுத்துவதே வேற்றுமை. தமிழில் வேற்றுமைகள் எட்டு. முதல் வேற்றுமையான எழுவாய்க்கு உருபு இல்லை. இரண்டு முதல் ஏழு வரையிலான வேற்றுமைகளுக்கு ஐ, ஆல், கு, இன், அது, கண் முதலியவை உருபுகள். எட்டாவது விளி; ‘முருகன்’ என்ற பெயர் அழைக்கும்போது ‘முருகா’ என்றாவது அதுதான். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியல், வேற்றுமை மயங்கியல், விளிமரபு என மூன்று இயல்களை இதற்கே ஒதுக்கியிருக்கிறது என்றால் இதன் அருமை புரியும்.

உருபு சேரும்போது பெயரும் உருமாறும். ‘மரம்’ என்பதோடு ‘ஐ’ சேர, நடுவே ‘அத்து’ என்னும் சாரியை வந்து ‘மரத்தை’ ஆகிறது. ‘வீடு’ ஒற்று இரட்டித்து ‘வீட்டை’ ஆகிறது.

சில இடங்களில் உருபு மறைந்தே நிற்கும். ‘பால் குடித்தான்’ என்றாலும் ‘பாலைக் குடித்தான்’ என்றுதான் பொருள். இது வேற்றுமைத்தொகை.

எழுதும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள்: ஐ, கு ஆகிய உருபுகளுக்குப் பின் க, ச, த, ப வரிசை எழுத்து வந்தால் ஒற்று மிகும். பாலைக் குடித்தான், ஊருக்குப் போனான். இந்த ஒரு விதி கைவந்தாலே பல ஒற்றுப்பிழைகள் நீங்கிவிடும்.