கையறுநிலையும் இரங்கலுரையும்

சென்ற ஆண்டு என் பாட்டியார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது, அடக்க ஆராதனையில் குடும்பத்தார் சார்பாகச் சில சொற்கள் கூறும் பொறுப்பு என்மேல் வந்தது. தமிழ் பயிலும் மாணவன் என்னும் செருக்கால், அன்பின் உறைவிடம், பொறுமையின் இருப்பிடம் என்று பலபட அடுக்கி எழுதினேன். என் தந்தையார் அதனைப் படித்துவிட்டு, "இதில் அம்மாவைக் காணோமே" என்றார். எவர் பெயரை இட்டும் வாசிக்கத்தக்க வெற்றுரை அஃது என்பதை அப்பொழுதே உணர்ந்தேன்.

இறந்தாரைக் குறித்து எஞ்சியிருப்போர் புலம்புதலைக் கையறுநிலை எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும். கையறுதலாவது, செய்வதறியாது செயலற்று நிற்றல். 1894-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையரவர்கள் பதிப்பித்த புறநானூற்றில் இத்துறைப் பாட்டுக்கள் பலவுள. அவற்றுள் இரண்டினை ஈண்டு நோக்குவாம்.

அதியமான் நெடுமானஞ்சி மாய்ந்தபொழுது, ஔவையார் அவனை வள்ளலென்று வாளா கூறி அமைந்தாரல்லர். கள் சிறிதே கிடைப்பின் அதனைத் தமக்கே அளித்தமையையும், நறுமணங் கமழுந் தன் கையாற் புலால் நாறுந் தம் தலையைத் தடவினமையையும் நினைந்து கூறுகின்றார். அக்கையின் மணம் ஒன்றே அவனை நம் கண்முன் நிறுத்துகின்றது. குடவாயிற் கீரத்தனாரோ, ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மறைந்தபின் பூத்த முல்லையை நோக்கி, சூடுவார் ஒருவருமில்லாத நாட்டில் நீயும் பூத்தனையோ என வினவுகின்றார். ஊரார் அனைவரும் உற்ற துயரம் ஒரு பூவினால் விளங்குகின்றது.

இவற்றால் இரங்கலுரை எழுதுவார் கொள்ளத்தக்க முறைகள் சில உள. இறந்தார்க்கே உரிய செயல் ஒன்றிரண்டைத் தேர்ந்துகொள்க. உடன் வாழ்ந்தாரை வினவி அவற்றைத் தெளிக. இல்லாத புகழை ஏற்றற்க. கேட்போர் அவரை நன்கறிந்தவராதலின், பொய் உடனே வெளிப்படும். ஐந்து நிமிடத்திற்கு மேற்படாது சுருங்க உரைக்க. எழுதியதை முன்னரே உரக்க வாசித்துப் பழகுக. நாத் தழுதழுப்பின் நாணற்க. சற்று நின்று, பின் தொடர்க. படி ஒன்றை உறவினர் ஒருவரிடங் கொடுத்துவைத்தலும் நலம்.

யான் முன்னெழுதிய தாளைக் கிழித்தெறிந்தேன். பாட்டியார் நாடோறும் உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியைக் கோயிலுக்கெனத் தனியே எடுத்துவைத்தமையையும், நோயிற் கிடந்த நாட்களிலும் "பிடியரிசி எடுத்தாயிற்றா?" என்று கேட்டமையையும் மட்டுமே எழுதினேன். அவ்வினாவை வாசிக்கும்போது எனக்குக் குரல் அடைத்தது. படியொன்றை வைத்திருந்த என் தந்தையார் எழுந்து வந்து எஞ்சியதை வாசித்து முடித்தார். கையறுநிலை என்னுஞ் சொல்லின் பொருளை அன்று அவர் அருகில் நின்றபொழுது அறிந்தேன்.