தராசில் நிறுத்த மின்சாரம்

1882 செப்டம்பரில் நியூயார்க்கின் பெர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. எந்தக் கட்டடம் எவ்வளவு மின்சாரம் எடுத்தது என்று கணக்கு வைக்க அவர் பயன்படுத்திய மீட்டரில் முள்ளும் இல்லை, எண்களும் இல்லை. துத்தநாக சல்பேட் கரைசல் நிரப்பிய கண்ணாடிக் குடுவை, அதற்குள் இரண்டு துத்தநாகத் தகடுகள், அவ்வளவுதான். வாடிக்கையாளருக்குப் போகும் மின்னோட்டத்தில் மிகச் சிறிய பங்கு மட்டும் குடுவை வழியாகப் பாயும். ஒரு தகடு கரையும். மற்றதில் துத்தநாகம் படியும். மின்நிலையத்து ஆள் வந்து தகடுகளைக் கழற்றிப்போய், கழுவி, உலர்த்தி, நுட்பமான தராசில் நிறுப்பார். எடையில் வந்த மாற்றத்தை வைத்துத்தான் பில் போட்டார்கள். குளிர்காலத்தில் கரைசல் உறையாமலிருக்க மீட்டர் பெட்டிக்குள் ஒரு பல்பும் எரியும்.

தராசால் மின்சாரத்தை அளக்க முடிந்ததற்குக் காரணம் மைக்கேல் ஃபாரடே. கரைசலில் மின்சாரம் செலுத்தினால் படியும் பொருளின் அளவு, பாய்ந்த மின்னூட்டத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பதை 1830களில் அவர் சோதனைகளால் நிறுவினார். மின்னூட்டம் என்பது மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கியது. 1 ஆம்பியர் 1 விநாடி பாய்ந்தால் 1 கூலும்; ஒரு மணி நேரம் பாய்ந்தால் 3600 கூலும்.

எலக்ட்ரான் என்ற துகள் இருப்பதே ஃபாரடேவுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும் என்பதால் அவருடைய விதி இன்னும் தெளிவாகப் புரிகிறது. கூலும் கணக்கு என்பது எலக்ட்ரான்களை எண்ணும் கணக்கு. ஒரு மோல் எலக்ட்ரான்களின் மின்னூட்டம் ஏறத்தாழ 96,485 கூலும். ஒரு வெள்ளி அயனி உலோகமாக மாற ஒரு எலக்ட்ரான் போதும். செம்புக்கும் துத்தநாகத்துக்கும் இரண்டு வேண்டும், அலுமினியத்துக்கு மூன்று. ஆகவே அந்த 96,485 கூலும் 107.9 கிராம் வெள்ளியைக் கொடுக்கும். செம்பு என்றால் 31.8 கிராம், அலுமினியம் என்றால் 9 கிராம்தான்.

எடிசனின் குடுவையில் இதைப் போட்டுப் பார்ப்போம். தகட்டில் 0.122 கிராம் துத்தநாகம் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துத்தநாகத்தின் அணு நிறை 65.4. எடையை அதனால் வகுத்து, இரண்டால் பெருக்கி, 96,485ஆல் பெருக்கினால் 360 கூலும் வரும்; அதாவது 0.1 ஆம்பியர்-மணி. குடுவைக்குள் போனது ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், கட்டடத்துக்குள் போனது 100 ஆம்பியர்-மணி.

இந்தக் கணக்கில் வோல்ட் எங்கேயும் வரவில்லை. மாணவர்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. எவ்வளவு பொருள் படியும் என்பதை ஆம்பியரும் நேரமும் முடிவு செய்கின்றன. அதற்கு எவ்வளவு மின்சக்தி செலவாகும் என்பதில்தான் வோல்ட் நுழைகிறது. எடிசன் சுமார் 110 வோல்ட்டை மாறாமல் வைத்திருந்ததால், ஆம்பியர்-மணி தெரிந்தாலே அவருக்குப் போதுமாக இருந்தது.

நேரம் வேண்டுமென்றால் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். மயில்துத்தக் கரைசலில் 2 ஆம்பியர் செலுத்தி 10 கிராம் செம்பு படிய வைக்க வேண்டும். 10ஐ 63.55ஆல் வகுத்து, இரண்டாலும் 96,485ஆலும் பெருக்கினால் சுமார் 30,360 கூலும். 2 ஆம்பியரால் வகுத்தால் 15,180 விநாடி, அதாவது 4 மணி 13 நிமிடம். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: நிமிடத்தை விநாடியாக்க மறப்பது, அயனியின் மின்சுமையை விட்டுவிடுவது.

மின்னோட்டத்தையும் இப்படியே கண்டுபிடிக்கலாம். ஒரு காலத்தில் ஆம்பியருக்கு இலக்கணமே இதுதான். 1893இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு, வெள்ளி நைட்ரேட் கரைசலிலிருந்து விநாடிக்கு 0.001118 கிராம் வெள்ளியைப் படிய வைக்கும் மின்னோட்டத்தை 1 ஆம்பியர் என்று ஏற்றது. 107.87ஐ 96,485ஆல் வகுத்துப் பாருங்கள், அதே எண் கிடைக்கும்.

தொழிற்சாலையில் எண்கள் மலைக்க வைக்கும். ஒரு கிலோ அலுமினியத்துக்கு 2,980 ஆம்பியர்-மணி வேண்டும். 1,00,000 ஆம்பியர் பாயும் ஒரு தொட்டி, ஒரு துளியும் வீணாகாவிட்டால், நாளுக்கு 805 கிலோ தரும். தொட்டிக்கு 4 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் தேவை. ஆனாலும் ஒரு கிலோவுக்கு 13 யூனிட் அளவுக்கு மின்சாரம் போகிறது.

வீணாவது எவ்வளவு என்பதைப் பாடப்புத்தகக் கணக்குகள் அதிகம் பேசுவதில்லை. பட்டறைக்கு அதுதான் முக்கியம். குரோமியம் முலாம் பூசும் வழக்கமான தொட்டியில் உலோகம் ஆறு எலக்ட்ரான் ஏற்க வேண்டிய நிலையில் இருக்கிறது. கணக்குப்படி 10 ஆம்பியரில் 1 கிராம் குரோமியம் படிய 19 நிமிடம் போதும். ஆனால் இந்தத் தொட்டியில் மின்னோட்டத்தின் 10 முதல் 20 விழுக்காடுதான் உலோகத்துக்குப் போகிறது. 15 என்று எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மீதியில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழிகளாகிறது. அவை மேலே வந்து உடையும்போது குரோமிக் அமிலத்தை நுண்துளிகளாகக் காற்றில் தெறிக்கவிடுகின்றன. அந்த அமிலத்தில் இருக்கும் இந்த வகைக் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. தொட்டியின் விளிம்பில் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு எவ்வளவு திறனோடு வேண்டும் என்பதும் இந்த வீணாகும் ஆம்பியரையும் பொறுத்திருக்கிறது.